மின்காருக்கு வீட்டில் சார்ஜிங் பாயின்ட் அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

நம் வீடுகளில் எந்தச் சாதனமும் எட்டு மணி நேரம் இடைவிடாமல் 14 ஆம்பியர் மின்சாரம் இழுப்பதில்லை. கீசர் கால் மணி நேரம் ஓடி அணைந்துவிடும். ஏ.சி. இரவெல்லாம் ஓடினாலும் அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியும் விட்டுவிட்டுத்தான் சூடாகும். மின்கார் அப்படி இல்லை. பிளக்கை மாட்டிய நிமிடத்திலிருந்து பேட்டரி ஏறக்குறைய நிறையும்வரை ஒரே அளவில் இழுத்துக்கொண்டே இருக்கும். பத்து ஆண்டுகளாகத் தொந்தரவு தராமல் கிடந்த ஒரு தளர்ந்த திருகு, காரை மாட்டிய முதல் வாரத்திலேயே சாக்கெட்டைக் கருக்கிவிடுவது இதனால்தான்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான குடும்பங்களுக்கு 7 கிலோவாட் சார்ஜர் தேவையில்லை. மெயின் போர்டிலிருந்து தனி வயரில் வரும், எர்த் ஒழுங்காக உள்ள, ஒரு நல்ல 15 ஆம்பியர் பாயின்ட் (சுமார் 3.3 கிலோவாட்) போதும். சுவரில் பளபளக்கும் பெட்டிக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியைச் சுவருக்குள் மறையும் வயருக்கும் மண்ணுக்குள் இறங்கும் எர்த்துக்கும் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டு வீடுகளையும் நம் மின் வாரிய இணைப்புகளையும் மனத்தில் வைத்து, எந்த வரிசையில் வேலையைச் செய்ய வேண்டுமோ அந்த வரிசையிலேயே கீழே சொல்கிறேன்.

1. எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

பலருக்கும் தெரியாத ஒரு விஷயத்திலிருந்து தொடங்க வேண்டும். சுவரில் மாட்டும் பெட்டியை நாம் சார்ஜர் என்று அழைத்தாலும், உண்மையான சார்ஜர் காருக்குள்தான் இருக்கிறது. வீட்டுக்கு வரும் ஏ.சி. (மாறுதிசை) மின்சாரத்தை பேட்டரி ஏற்கும் டி.சி. (நேர்திசை) மின்சாரமாக மாற்றுவது காருக்குள் உள்ள அந்தக் கருவி. சுவர்ப் பெட்டியின் வேலை பாதுகாப்பைச் சரிபார்த்து மின்சாரத்தைத் திறந்துவிடுவது மட்டுமே. ஆகவே கார் எவ்வளவு ஏற்குமோ அதற்கு மேல் எந்தப் பெட்டியாலும் தர முடியாது. 2020-இல் வந்த முதல் நெக்ஸான் இ.வி.யின் உள் சார்ஜர் 3.3 கிலோவாட். அதற்கு 7 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினாலும் 3.3 கிலோவாட்தான் ஏறும். மறுபக்கம், ஶ்ரீபெரும்புதூர் ஆலையில் தயாராகும் கிரெட்டா எலெக்ட்ரிக் 11 கிலோவாட் வரை ஏற்கும். ஆனால் அந்த முழு வேகம் மும்முனை இணைப்பு உள்ள வீட்டில்தான் கிடைக்கும். ஒருமுனை இணைப்பில் கிடைக்காது. எனவே காரின் கையேட்டில் ஏ.சி. சார்ஜிங் அதிகபட்ச அளவு என்ன என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்தது உங்கள் ஓட்டம். நகரத்துக்குள் ஓட்டும் நடுத்தர மின்கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் தரும். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு ஆறரை யூனிட் வேண்டும். சார்ஜ் ஏறும்போது பத்து சதவீதம் அளவுக்கு வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் ஏழு யூனிட். 3.3 கிலோவாட் பாயின்ட்டில் இது இரண்டு மணி நேர வேலை. மீதி இரவு முழுவதும் கார் சும்மா நிற்கும்.

"வெளியூர் போய்விட்டு காலி பேட்டரியுடன் வந்தால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இரவு 9 மணிக்கு மாட்டி காலை 7 மணிக்கு எடுத்தால், அதே 15 ஆம்பியர் பாயின்ட்டில் ஏறத்தாழ 30 யூனிட் பேட்டரியில் சேர்ந்திருக்கும். அது 180 கிலோமீட்டருக்கு மேல் வரும். மறுநாளே மீண்டும் நெடும்பயணம் போகிறவருக்கு நெடுஞ்சாலையில் டி.சி. சார்ஜர் இருக்கிறது.

தினமும் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுகிறவர், வாடகைக் கார் வைத்திருப்பவர், வீட்டில் இரண்டு மின்கார் உள்ளவர், 60 யூனிட்டுக்கு மேற்பட்ட பேட்டரி உள்ள கார் வைத்து அடிக்கடி காலி செய்கிறவர் ஆகியோருக்கு 7.2 அல்லது 7.4 கிலோவாட் பெட்டி உண்மையாகவே உதவும். மற்றவர்கள் இந்தப் படியிலேயே நல்ல தொகையை மிச்சப்படுத்தலாம்.

2. மீட்டரையும் மின்பளுவையும் பாருங்கள்

மீட்டர் பெட்டியைத் திறந்து அதன் முகப்பைப் படியுங்கள். ஒருமுனை இணைப்பு என்றால் "5-30" என்றோ "10-60" என்றோ ஆம்பியர் அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்தான் அந்த மீட்டர் தாங்கும் உச்சம். 5-30 மீட்டர் என்றால் வீடு முழுவதுக்கும் சேர்த்து 30 ஆம்பியர், அதாவது சுமார் 6.9 கிலோவாட். 7.4 கிலோவாட் பெட்டி தனியாகவே 32 ஆம்பியர் இழுக்கும். எனவே அந்த மீட்டரில் அதை மாட்டவே கூடாது. ஷோரூமிலிருந்து வரும் ஆள் "பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று சொன்னாலும் கூடாது.

3.3 கிலோவாட் என்றால்? கோடை இரவு ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஒன்றரை டன் ஏ.சி. இரண்டு ஓடினால் 3 கிலோவாட். கார் 3.3. மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்தால் 6.6 கிலோவாட்டைத் தொட்டுவிடும். வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் இடமே மிச்சமில்லை. காலை ஐந்தரை மணிக்கு யாராவது கீசரைப் போட்டால் வரம்பு தாண்டிவிடும். இதற்குத் தீர்வு எளிது. காரின் திரையிலோ செயலியிலோ சார்ஜிங் நேரத்தைக் குறித்துவைக்கும் வசதி இருந்தால், இரவு 11 மணிக்குத் தொடங்கி விடிவதற்குள் முடியும்படி வையுங்கள். சில கார்களில் இழுக்கும் ஆம்பியரையே குறைத்து வைக்கலாம்.

உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்பது மின் வாரியக் கணக்கில் இருக்கும். இணையதளத்தில் உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தும் பார்க்கலாம், பிரிவு அலுவலகத்திலும் கேட்கலாம். பழைய வீடுகளில் இது 1, 2 கிலோவாட் என்று பல ஆண்டுகளுக்கு முன் எழுதியது அப்படியே கிடக்கும். அதை முறையாக உயர்த்திக்கொள்ளுங்கள். கட்டணம் கட்ட வேண்டியிருக்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் தெருவில் எவ்வளவு பளு இருக்கிறது என்பது வாரியத்துக்குத் தெரிந்தால்தான் டிரான்ஸ்பார்மரைப் பெரிதாக்கத் திட்டமிட முடியும். எல்லோரும் மறைத்து மாட்டினால் மே மாத இரவில் தெருவே இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில் ஒரு தனிக் கவனம் வேண்டும். ஒரு ஃபேஸ் போய்விட்டால் திருகி வேறு ஃபேஸுக்கு மாற்றும் சுவிட்சு பல வீடுகளில் உண்டு. இரவில் கார் ஒரு ஃபேஸில் ஏறிக்கொண்டிருக்கும்போது, வீட்டில் ஒருவர் இரண்டு ஏ.சி.யையும் அதே ஃபேஸுக்குத் திருப்பிவிட்டால் அந்த ஒற்றை ஃபேஸ் வயர் தவிக்கும். காருக்கான லைனை அந்தச் சுவிட்சுக்குப் பிறகு எடுக்காமல், அதற்கு முன்பே, ஏ.சி. அதிகம் இல்லாத ஃபேஸிலிருந்து தனியாக எடுக்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் லைனிலிருந்தும் எடுக்கக் கூடாது.

3. வயரும் பிரேக்கரும்

கார் பாயின்ட்டுக்கு மெயின் போர்டிலிருந்து தனி வயர் போக வேண்டும். வழியில் விளக்கு, மோட்டார், வாஷிங் மெஷின் எதுவும் தொற்றக் கூடாது. இடையில் ஜாயின்ட்டும் கூடாது. போர்ட்டிகோவில் ஏற்கெனவே இருக்கும் பாயின்ட்டையே பயன்படுத்தலாமா என்றால், அதன் பின்னால் எந்த வயர் ஓடுகிறது என்று சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்காமல் சம்மதிக்காதீர்கள். சாக்கெட் பெரியதாக இருக்கும், பின்னால் 1.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒளிந்திருக்கும். அப்படிப்பட்ட வீடுகள் ஏராளம்.

15 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுங்கள். 2.5 வயரே தாங்கும் என்று பட்டியலைக் காட்டுவார்கள். அந்தப் பட்டியல் பொய்யில்லை. ஆனால் மேல்தளத்துக் கான்கிரீட்டுக்குள், வேறு நான்கு வயர்களோடு ஒரே குழாயில், சித்திரை வெயிலில் வெந்துகிடக்கும் வயருக்கு அந்தப் பட்டியல் அளவு பொருந்தாது. தூரமும் கணக்கில் வரும். போர்டிலிருந்து கார் நிற்கும் இடம் 30 மீட்டர் என்றால், போக வர 60 மீட்டர் செம்பு. 2.5 வயரில் 14.3 ஆம்பியர் ஓடும்போது சுமார் 6.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4 வயரில் 4 வோல்ட்தான். இரவில் மின்னழுத்தம் 200 வோல்ட் அளவுக்கு இறங்கும் பகுதிகளில் இந்த வித்தியாசமே சார்ஜ் ஏறுவதையும் நிற்பதையும் தீர்மானிக்கும்.

32 ஆம்பியர் பெட்டிக்கு 6 சதுர மில்லிமீட்டர் என்பது குறைந்தபட்சம். அதே 30 மீட்டருக்கு 6 வயரில் கிட்டத்தட்ட 190 வாட் சுவருக்குள் வெப்பமாக வீணாகும். தூரம் 25 மீட்டரைத் தாண்டினாலே 10 சதுர மில்லிமீட்டருக்குப் போய்விடுங்கள். மண்ணுக்கடியில் கொண்டுபோவதானால் இரும்புக் கவசமுள்ள ஆர்மர்டு கேபிள். விலை குறைவு என்று அலுமினிய கேபிள் எடுத்தால் அளவைக் கூட்ட வேண்டும். செம்போடு சேரும் முனையில் அதற்கென்று உள்ள இரு உலோக லக் (வயர் முனையில் பொருத்தும் இணைப்புத் துண்டு) போட வேண்டும். அந்த லக்கைத் தவிர்த்துவிட்டு முறுக்கி டேப் சுற்றினால், அரித்து, சூடாகி, எரியும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

பாதுகாப்புக்கு இரண்டு கருவிகள். அதிகப் பளுவிலும் ஷார்ட் சர்க்யூட்டிலும் தானே அணையும் பிரேக்கரான எம்.சி.பி.; உடம்பு வழியாகவோ மண்ணுக்கோ மின்சாரம் கசிந்தால் அறுக்க ஆர்.சி.சி.பி. இரண்டையும் ஒன்றாக்கிய ஆர்.சி.பி.ஓ.வும் கிடைக்கிறது. 15 ஆம்பியர் பாயின்ட்டுக்கு 20 ஆம்பியர் சி வகை எம்.சி.பி., 32 ஆம்பியர் பெட்டிக்கு 40 ஆம்பியர். ஆர்.சி.சி.பி. இரண்டுக்குமே 30 மில்லியாம்பியர் கசிவில் விழுவதாக, அதாவது தானே அணைவதாக இருக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி. வாங்கும்போது அதன் முகப்பில் உள்ள சிறு குறியைக் கண்ணால் பாருங்கள். சதுரத்துக்குள் ஒரே ஓர் அலைக்கோடு மட்டும் இருந்தால் அது பழைய ஏ.சி. வகை. அலைக்கோட்டுக்குக் கீழே மேடுமேடாக இன்னொரு கோடும் இருந்தால் அது ஏ வகை. மின்காருக்கு ஏ வகை கட்டாயம் வேண்டும். காருக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் மின்னணுச் சுற்றில் கசிவு ஏற்பட்டால் அது முழு அலையாக வராது. பழைய வகை அதைக் காணாமல் விட்டுவிடக்கூடும். சுத்தமான டி.சி. கசிந்தால் ஏ வகையும் மந்தமாகிவிடும். அதனால்தான் நல்ல சுவர்ப் பெட்டிகளுக்குள் 6 மில்லியாம்பியர் டி.சி. கசிவைக் கண்டறியும் ஏற்பாடு இருக்கும். பெட்டி வாங்கும்போது இது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வெளியே டி.சி. கசிவையும் பிடிக்கும் பி வகை ஆர்.சி.சி.பி. போட வேண்டிவரும். அதன் விலை பல மடங்கு.

இடி மின்னல் அதிகமுள்ள ஊர்களில் மெயின் போர்டிலேயே, மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்கும் ஒரு சர்ஜ் பாதுகாப்புக் கருவியையும் சேர்த்துவிடுங்கள்.

4. எர்த்

இந்தப் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். வீட்டுச் சார்ஜிங்கில் வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

நம் வீட்டுக்குக் கம்பத்திலிருந்து வருவது ஃபேஸும் நியூட்ரலும் மட்டும். எர்த் என்பது நாம் மண்ணில் குழி வெட்டி அமைத்துக்கொள்வது. பழைய வீடுகளில் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்பதே யாருக்கும் நினைவிருக்காது. மேலே டைல்ஸ் போட்டு மூடியிருப்பார்கள். மிக்ஸிக்கும் டி.வி.க்கும் அது தெரியாமலே காலம் ஓடிவிட்டது. மின்கார் அப்படி விடாது. காரோடு வரும் கையடக்கச் சார்ஜரும் சுவர்ப் பெட்டியும் மின்சாரத்தைத் திறப்பதற்கு முன் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கும். காரும் பெட்டியும் "தயார்" என்று பரிமாறிக்கொள்ளும் சிறு சமிக்ஞையே எர்த் வயரைத் துணையாகக் கொண்டுதான் ஓடுகிறது. அந்த வயர் அறுந்தால் சார்ஜிங் நின்றுவிடும்.

எர்த் இல்லாத வீட்டில் சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்ததும் சில எலக்ட்ரீஷியன்கள் ஒரு குறுக்குவழி சொல்வார்கள். சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. உடனே பச்சை விளக்கு எரியும், காரும் ஏறும். தயவுசெய்து இதை அனுமதிக்காதீர்கள். என்றைக்காவது வெளியே நியூட்ரல் அறுந்தால், காரின் உலோக உடம்பு முழுவதும் 230 வோல்ட்டுக்கு வந்துவிடும். கார் ரப்பர் டயர் மேல் நிற்பதால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியிருக்காது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று கதவைத் தொடும் குழந்தைதான் அதற்கு வழியாகும். ஆர்.சி.சி.பி.யும் இந்த இணைப்பை எல்லா நேரத்திலும் பிடித்துவிடாது. அந்தத் துண்டு வயரைப் போட்டவரை மறுமுறை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சரியான வழி புதிதாக ஓர் எர்த் அமைப்பது. கட்டடத்தின் அஸ்திவாரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி, இரண்டரை முதல் மூன்று மீட்டர் ஆழத்துக்குக் கம்பியோ குழாயோ இறக்க வேண்டும். கரியும் உப்பும் போட்டு நிரப்புவது பழைய முறை. அது வேலை செய்யும். ஆனால் உப்பு குழாயை அரிக்கும், கோடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். பென்டோனைட் போன்ற கலவையை இட்டு நிரப்பும் கெமிக்கல் எர்த்திங் ஈரத்தை நீண்டநாள் பிடித்துவைக்கும். களிமண் நிலத்தில் ஒரு குழி போதும். பாறைப் பாங்கான இடத்திலும், மேல்மண் காய்ந்துவிடும் மணல் நிலத்திலும் இரண்டு குழி தோண்டி இணைக்க வேண்டியிருக்கும். முடிந்ததும் எர்த் டெஸ்டர் கருவியால் அளக்கச் சொல்லுங்கள். எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது.

டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து "பாருங்கள், பிரகாசமாக எரிகிறது" என்று காட்டுவது சோதனையே இல்லை. ஒரு பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம்; மோசமான எர்த்திலும் அது எரியும். ஆர்.சி.சி.பி. சரியாக இருந்தால் அந்தப் பல்பை வைத்ததுமே அது விழுந்துவிட வேண்டும் என்பது வேறு கதை.

5 ஓம் எர்த் இருந்தால் ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்கலாம். ஃபேஸ் வயர் காரின் உடம்பைத் தொட்டுவிட்டால் 5 ஓம் வழியாக ஓடுவது அதிகபட்சம் 46 ஆம்பியர். 40 ஆம்பியர் சி வகை எம்.சி.பி. உடனடியாக விழ 200 ஆம்பியருக்கு மேல் வேண்டும். 46 ஆம்பியரில் அது நீண்ட நேரம் அசையாமல் நிற்கும். 30 மில்லியாம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி.தான் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுக்கும். எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது கிடையாது.

5. சாக்கெட்டா, பெட்டியா, எங்கே மாட்டுவது?

பேச்சில் 15 ஆம்பியர் என்கிறோம். கடையில் 16 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். மலிவான சாக்கெட்டில் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி சில மாதங்களில் தளர்ந்துவிடும். பிளக்கைச் செருகும்போது இறுக்கமாக, கொஞ்சம் பலம் கொடுத்துத் தள்ள வேண்டியதாக இருப்பதே நல்ல சாக்கெட். தினமும் கழற்றி மாட்டப் போவதால் ஏ.சி.க்குப் போடும் மெட்டல் கிளாட் வகை, அல்லது தொழிற்சாலைகளில் காணும் வட்டமான நீல நிற சாக்கெட் இன்னும் நல்லது. நீல சாக்கெட் போடுவதானால் கையடக்கச் சார்ஜரின் பிளக்கும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். நீங்களாக அந்தப் பிளக்கை வெட்டி மாற்றினால் வாரண்டி போய்விடும். கார் நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள் சார்ஜிங் நிலையங்களுக்கு இதைத் தடை செய்கின்றன. சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. வீட்டுக்கும் அதையே அளவாகக் கொள்ளலாம். ஆனால் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற இடங்களில் இருப்பவர் 800 மில்லிமீட்டரோடு நிற்கக் கூடாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் உங்கள் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரிந்திருக்கும். அந்தக் கறைக்கு மேலே ஒரு முழம் விட்டு மாட்டுங்கள்.

காரின் சார்ஜிங் துளை முன்னால் இருக்கிறதா, பின்னால் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்து, நீங்கள் வழக்கமாக நிறுத்தும் திசையில் காரை நிறுத்திவைத்து, கேபிள் நடைபாதையைக் குறுக்கே கடக்காத இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். திறந்தவெளி என்றால் சாக்கெட்டுக்கு மூடியுள்ள பெட்டியும் மேலே சிறு தகரச் சரிவும் வேண்டும். சுவர்ப் பெட்டிக்கு தூசியும் தண்ணீரும் புகாமல் காக்கும் அளவைக் குறிக்கும் ஐ.பி. எண் 54 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும்.

6. வேலை முடிந்த அன்று செய்ய வேண்டிய சோதனைகள்

வேலைக்கு மின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரையோ தகுதிச் சான்று பெற்ற வயர்மேனையோ வைத்துக்கொள்ளுங்கள். அவர் கிளம்புவதற்கு முன் மல்டிமீட்டரால் மூன்று அளவுகளை எடுக்கச் சொல்லி நீங்களும் பாருங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 230 அருகில். ஃபேஸ்–எர்த் ஏறக்குறைய அதே அளவு. நியூட்ரல்–எர்த் இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள். மூன்றாவது அளவு பத்து, இருபது என்று காட்டினால் எர்த்திலோ நியூட்ரலிலோ கோளாறு இருக்கிறது. இதே அளவுகளைக் கார் ஏறிக்கொண்டிருக்கும்போது மறுபடியும் எடுக்க வேண்டும். பளு ஏறும்போதுதான் பலவீனம் வெளியே வரும். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும்.

பிறகு காரை மாட்டி ஒரு மணி நேரம் கழித்து, சார்ஜிங்கை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி அதன் உடம்பைக் கையால் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு, பிளாஸ்டிக் வாடை, பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறம், இவற்றில் எது இருந்தாலும் அந்தச் சாக்கெட்டை அன்றே மாற்றுங்கள். ஒரு மாதம் கழித்து மெயினை அணைத்துவிட்டு, சாக்கெட், பிரேக்கர் திருகுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். தினமும் சூடேறி ஆறும் செம்பு கொஞ்சம் அடங்கும். முதல் மாதத்தில் திருகுகள் தளர்வது சாதாரணம்.

அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு

தனி வீட்டுக்காரருக்கு இது மின்வேலை. அடுக்ககத்தில் பாதி மின்வேலை, மீதி மனிதர்களோடு பேசுவது.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2022 ஜனவரியில் மத்திய மின் அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வீட்டில் ஏற்கெனவே உள்ள மின் இணைப்பிலேயே தம் வாகனத்தைச் சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று தெளிவாகச் சொல்லின. 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், வாகனச் சார்ஜிங்குக்கு என்று தனி இணைப்பே கேட்டுப் பெறலாம் என்கின்றன. ஆனால் விதியைக் காட்டிச் சண்டையைத் தொடங்காதீர்கள். ஒரு பக்கத்தில் படம் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்: மீட்டர் அறையில் உங்கள் மீட்டர், அங்கிருந்து கேபிள் போகும் வழி, எந்தத் தூண், எந்தச் சுவர், எத்தனை மீட்டர், எந்த பிரேக்கர், எந்த அளவு வயர். சங்கத்தின் கூட்டங்களில் எழும் பயம் பெரும்பாலும் தெளிவில்லாமையால் வருவது. "கீழே தீப்பிடித்தால்?" என்று கேட்கும் பெரியவருக்கு, தனி வயரும் ஆர்.சி.சி.பி.யும் எப்படிக் காக்கின்றன என்று பொறுமையாகச் சொன்னால் ஏற்றுக்கொள்வார். எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்று வழிகள் உண்டு. உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே வாகன நிறுத்தத்துக்கு ஒரு லைன் இறக்குவது முதல் வழி. தூரம் 40, 50 மீட்டர் ஆனாலும் பில் உங்களுடையது, தகராறு இல்லை. நான் பரிந்துரைப்பது இதையே. தனி இணைப்பு வாங்குவது இரண்டாவது. அதில் வீட்டு இணைப்புக்கான இலவச யூனிட்டை எதிர்பார்க்க முடியாது. எந்தக் கட்டணப் பிரிவில் வைப்பார்கள் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பொது மீட்டரிலிருந்து எடுத்து சப்-மீட்டர் வைப்பது மூன்றாவது. தொடங்குவது எளிது, கணக்குப் பார்ப்பதில்தான் மனக்கசப்பு வரும்.

சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்கள் இன்னும் ஒரு படி யோசிக்க வேண்டும். இன்று ஒரு கார். ஐந்து ஆண்டில் இருபது. ஆளுக்கொரு 7.4 கிலோவாட் பெட்டி என்றால் 148 கிலோவாட். கட்டடத்தின் மெயின் கேபிளும் டிரான்ஸ்பார்மரும் அதைத் தாங்கப் போவதில்லை. ஆளுக்கு 3.3 கிலோவாட் என்று இப்போதே ஒரு தீர்மானம் போட்டால் 66 கிலோவாட். அதுவும் எல்லாக் காரும் ஒரே நேரத்தில் இரண்டு மணி நேரம்கூட ஏறாது. முதல் கார் வரும்போதே கேபிள் டிரே ஒன்றைப் பொதுவாக அமைத்துவிட்டால், பின்னால் வருகிறவர்கள் ஆளுக்கொரு பக்கம் சுவரைக் குடைய மாட்டார்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர், வீட்டுக்காரரிடம் பாயின்ட் வீட்டோடு தங்கிவிடும் என்பதைச் சொல்லிப் பேசுங்கள். அடுத்த குடித்தனக்காரருக்கும் அது பயன்படும். சுவர்ப் பெட்டி மாட்டினால் அது உங்களுடையது, கழற்றிக்கொண்டு போவீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

மின் கட்டணம் எவ்வளவு கூடும்?

நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு பில். அளவு கூடக்கூட யூனிட் விலையும் ஏறும். எனவே காருக்கான யூனிட்டுகள் உங்கள் பில்லின் விலை உயர்ந்த மேல்படிகளில்தான் போய் உட்காரும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த கட்டணப்படி பார்ப்போம். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகும் வீடு. கார் மாதம் 1,500 கிலோமீட்டர். இழப்பையும் சேர்த்து இரண்டு மாதத்துக்குச் சுமார் 500 யூனிட் கூடும். 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45 ரூபாய், 501–600க்கு 8.55, 601–800க்கு 9.65, அதற்கு மேல் 1,000 வரை 10.70. கூட்டினால் 4,500 ரூபாய். 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகை குறைவதால் இன்னும் சில நூறு ரூபாய் சேரும். 3,000 கிலோமீட்டருக்கு இது; கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் காரில் ஆறரை ரூபாய் ஆகும். ஷோரூமில் சொல்லும் "கிலோமீட்டருக்கு எழுபது பைசா" என்ற கணக்கை நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள். அது ஏற்கெனவே நிறையச் செலவழிக்கும் வீட்டுக்குப் பொருந்தாது.

மொட்டைமாடி உங்களுடையது என்றால் சூரிய மின் தகடுகளை இதோடு சேர்த்தே யோசிக்கலாம். 3 கிலோவாட் அமைப்பு நம் வெயிலில் நாளொன்றுக்கு 12 யூனிட் அளவுக்குத் தரும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. பகலில் கார் வீட்டில் நிற்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கும் இது மிகவும் பொருந்தும்.

அன்றாடப் பழக்கங்கள்

முதலில் சுவர்ப்பக்கம் மாட்டி ஆன் செய்துவிட்டு, பிறகு காரில் செருகுங்கள். எடுக்கும்போது காரில் சார்ஜிங்கை நிறுத்தி, காரிலிருந்து முதலில் கழற்றுங்கள். 14 ஆம்பியர் ஓடும்போது சுவர் பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறந்து பின்கள் அரிக்கும். கேபிளைச் சுருளாகச் சுற்றிப் போட்டபடி சார்ஜ் செய்யாமல் முழுவதும் விரித்துப் போடுங்கள். கையடக்கச் சார்ஜரின் நடுவில் உள்ள கனமான பெட்டி சாக்கெட்டிலிருந்து தொங்கினால் அதன் எடையே பிளக்கைத் தளர்த்திவிடும். சுவரில் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டுங்கள்.

மழையில் சார்ஜ் செய்யலாம். காரும் கேபிளும் அதற்கேற்றபடிதான் செய்யப்பட்டிருக்கின்றன. தரையில் தண்ணீர் தேங்கத் தொடங்கினால் மெயினை அணைத்துவிட்டு, காரை மேடான இடத்துக்குக் கொண்டுபோங்கள். வெள்ளம் வடிந்த பிறகு சாக்கெட்டும் போர்டும் நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்த்து உறுதி செய்யும்வரை ஆன் செய்யக் கூடாது. ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அழுத்திப் பாருங்கள். அது அடிக்கடி தானாக விழுந்தால் எரிச்சலில் அதை ஒதுக்கிவிட்டு நேராக இணைக்கச் சொல்லாதீர்கள். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் எர்த் குழியின் மூடியைத் திறந்து, வயர் சேரும் போல்ட் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்த்து, துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி இறுக்கிவிடுங்கள்.